ஏழு கருமுட்டை, உள்ள ஈரம்: டோனர் எக் எடுத்தும் எங்களுக்கு ஏன் ரெண்டு தடவை நிக்கல

டோனர் எக், அதாவது வேற ஒருத்தவங்க குடுக்குற கருமுட்டை, அதுல உண்டான கருவ என் கர்ப்பப்பையில வைக்கிற ரெண்டாவது ட்ரான்ஸ்ஃபரும் போச்சுன்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கு நாங்க காரைக்குடி பக்கம் பள்ளத்தூர் வீட்ல இருந்தோம். எங்க பங்குக்கு வந்த ரெண்டாம் கட்டுல ஒரு சுவரு பொரிஞ்சு பொரிஞ்சு உதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு, என் வீட்டுக்காரரோட ஐயா காலத்துல முட்டை வெள்ளைக்கரு விட்டு பூசுன சுவரு, மத்த இடமெல்லாம் இன்னும் பளிங்கு மாதிரி வழுவழுன்னு இருக்கு, அந்த ஒரு பக்கம் மட்டும் வருஷா வருஷம் பூசுறோம் வருஷா வருஷம் உதிருது. வந்த கொத்தனார் பெரியவரு சுவத்துல உள்ளங்கைய வச்சு ஒரு நிமிஷம் அப்படியே நின்னாரு, அப்புறம் சொன்னாரு, "ஆச்சி, இதுல எத்தனை முட்டை ஊத்துனாலும் நிக்காது, உள்ள ஈரம் இருக்கு, மேல ஓட்டுல எங்கயோ ஒழுகி உள்ளுக்குள்ள இறங்குது, மொதல்ல அதை அடைக்கணும், காய விடணும், அப்புறந்தான் பூச்சு".

என் கையில போனு, போன்ல ரிப்போர்ட். கரு ஒட்டியிருக்கான்னு ரத்தத்துல பார்க்குற பீட்டா டெஸ்ட், மூணு நாளைக்கு முன்னாடி 41, அன்னிக்கு 12. நிக்கல. அவரு சொன்ன வார்த்தையும் அதேதான், ஆனா அப்ப எனக்கு அது காதுல ஏறவே இல்ல. அஞ்சாறு மாசம் கழிச்சு மதுரையில இன்னொரு டாக்டரம்மா முன்னாடி உக்காந்திருந்தப்பதான் அந்தக் கொத்தனார் கை என் கண்ணு முன்னாடி வந்துச்சு. இதை எழுதுறதே அதுக்காகத்தான், டோனர் எக்குன்னு முடிவு பண்ணிட்டா பாதிப் பிரச்சினை முடிஞ்சிடுச்சுன்னு நாங்க நினைச்ச மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்கவங்க யாராச்சும் இருந்தா, அந்த ஏழு முட்டைய கையில வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க.

எங்க கதைய சுருக்கமா சொல்லிடுறேன். 2012ல கல்யாணம், எனக்கு 27. அஞ்சு வருஷம் கோயில், கஷாயம், மாத்திரைன்னு போச்சு, 2017ல கர்ப்பக் குழாய்க்கு மருந்து விட்டுப் பார்க்குற ஹெச்எஸ்ஜி எடுத்தாக, அப்புறம் விந்த நேரா கர்ப்பப்பைக்குள்ள விடுற ஐயூஐ நாலு தடவை. 2020ல பார்த்தா, முட்டை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டுற ஏஎம்ஹெச் 0.5. அந்த வயசுக்கு அது ரொம்பக் கம்மி. 2021ல சொந்த முட்டையிலயே ரெண்டு தடவை ஐவிஎஃப் போனோம், மொத தடவை ரெண்டு முட்டை கிடைச்சுச்சு, எம்ப்ரியோ, அதாவது லேப்ல வளர்க்குற கரு, தேறல, அடுத்த தடவை ஒண்ணே ஒண்ணு, அது கருவாகவே இல்ல. அதுக்கப்புறந்தான் டோனர் பேச்சு வந்துச்சு.

அன்னிக்கு டாக்டர் சொன்ன ஒரு விஷயம் உண்மைதான், அதை முதல்ல சொல்லிடுறேன். பொம்பளைக்கு முட்டையெல்லாம் பொறக்கும்போதே உள்ள வந்துடுது, புதுசா உண்டாகுறது இல்ல, நமக்கு 38ன்னா முட்டைக்கும் 38. வயசாக ஆக முட்டையில குரோமோசோம் கணக்கு தப்புறது கூடிக்கிட்டே போகுது, அதனாலதான் கரு ஒட்டாம போறதும் ஒட்டி கலையிறதும். ஆனா கர்ப்பப்பைக்கு அந்த மாதிரி வயசாகுறது இல்ல. அதனால டோனர் எக்ல கரு நிக்கிற வாய்ப்பு முக்கியமா டோனரோட வயசை வச்சுத்தான், நம்ம வயசை வச்சு இல்ல, நாப்பது தாண்டுனவங்களுக்கும் நல்ல இடத்துல ஒரு ட்ரான்ஸ்ஃபருக்கு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு, நாப்பத்தஞ்சுக்கு மேல போனா கொஞ்சம் குறையுது. சொந்த முட்டையில அந்த வயசுல கிடைக்கிறதோட இதை ஒப்பிடவே முடியாது. சரி. ஆனா பாதிக்குப் பாதின்னா மிச்சப் பாதி என்ன? அந்த மிச்சப் பாதியப் பத்தி யாரும் எங்ககிட்ட பேசல, நாங்களும் கேக்கல, அதுதான் நாங்க செஞ்ச தப்பு.

ஏழுன்னு ஏன் திரும்பத் திரும்பச் சொல்றேன்னா, இப்ப சட்டமே அப்படித்தான். 2021ல வந்த, செயற்கைக் கருத்தரிப்புக்கான ஏஆர்டி சட்டப்படி டோனருக்கு 23ல இருந்து 35 வயசுக்குள்ள இருக்கணும், ஆயுசுல ஒரே ஒரு தடவைதான் குடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல எடுக்கக்கூடாது, ஒரு டோனரோட முட்டைய ஒரே ஒரு தம்பதிக்குத்தான் குடுக்கணும். அவங்களுக்கு 12 மாசத்துக்கு இன்ஷூரன்ஸ் நாமதான் எடுக்கணும். அவங்க யாருன்னு நமக்குத் தெரியாது, நாம யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, எல்லாம் ரெஜிஸ்டர் ஆன முட்டை, விந்து பேங்க் மூலமாத்தான். வாங்குற பொம்பளைக்கு 50, வீட்டுக்காரருக்கு 55 வரைக்கும்தான் ட்ரீட்மென்ட். பழைய காலத்துல மாதிரி பதினஞ்சு இருபது முட்டை எடுத்து அதுல ஆறேழு எம்ப்ரியோ ஃப்ரீஸ் பண்ணி வச்சு ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு பார்க்குற வசதி இனி இல்ல. யாரோ ஒரு தாயி பத்துப் பன்னெண்டு நாளு ஊசி போட்டு, மயக்க மருந்து வாங்கி, ஆயுசுல ஒரு தடவை குடுக்குற ஏழு. அதை நம்ம வயித்துல வைக்கிறதுக்கு முன்னாடி நம்ம வயிறு தயாரான்னு பார்க்காம விட்டோம்ல, அது எனக்கு இன்னிக்கும் உறுத்துது.

2023ல மொத டோனர். 31 வயசு, ரெண்டு பிள்ளை பெத்தவங்க, அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னாங்க. ஏழு எடுத்ததுல அஞ்சு முதிர்ந்த முட்டை, அதுல நாலு கருவாச்சு, மூணாம் நாளு மூணு நல்ல எம்ப்ரியோ. டோனருக்கு முட்டை எடுக்குற நாளும் எனக்கு கர்ப்பப்பை உள்படலம், அதாவது லைனிங், ரெடியாகுற நாளும் ஒண்ணா வரணும்னு மாத்திரை குடுத்துக்கிட்டு இருந்தாங்க, எனக்கு லைனிங் 6.6 மில்லிமீட்டர்தான் வந்துச்சு, ஆனா டோனருக்கு நாள் குறிச்சாச்சு, நிப்பாட்ட முடியாதுன்னு ரெண்டு எம்ப்ரியோவ ஒண்ணா வச்சாங்க. நெகட்டிவ். மூணு மாசம் கழிச்சு ஃப்ரீஸ் பண்ணி வச்சிருந்த அந்த ஒத்தை எம்ப்ரியோவையும் வச்சாங்க. அதுதான் 41ல இருந்து 12க்கு இறங்குனது. ஏழும் முடிஞ்சுது.

அந்த ஆஸ்பத்திரியில என்ன காரணம்னு கேட்டதுக்கு "சில சமயம் இப்படித்தாம்மா, இன்னொரு டோனர் பார்க்கலாம்"னாங்க. என் வீட்டுக்காரருக்கு கோபம் வந்து ஃபைல் மொத்தத்தையும் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தாக. அந்தக் கோபத்துக்கு நான் இப்ப நன்றி சொல்றேன். எல்லாருக்கும் சொல்றதும் அதுதான், ஸ்கேன் ரிப்போர்ட், எம்ப்ரியோ ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் ஷீட்டு, பழைய பிலிமு எதையும் தூக்கிப் போடாதீங்க, ஒவ்வொரு தடவையும் காப்பி கேட்டு வாங்கிக்கங்க, குடுக்கணும் அவங்க.

மதுரையில ரெண்டாவது ஒப்பினியனுக்குப் போன இடத்துல டாக்டரம்மா பேசவே ஆரம்பிக்கல, மொதல்ல கால் மணி நேரம் ஃபைலையே படிச்சாங்க. 2017ல எடுத்த ஹெச்எஸ்ஜி பிலிம வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாங்க. அப்புறம் மொத ட்ரான்ஸ்ஃபருக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் பேப்பர்ல ஒரு வரிய பேனாவால கோடு போட்டுக் காமிச்சாங்க, கர்ப்பப்பைக்குள்ள லேசா ஃப்ளூயிட் தெரியுதுன்னு அந்த ஸ்கேன் எடுத்த ஆளே எழுதி வச்சிருக்காரு. எழுதி வச்சிருக்காரு, யாரும் படிக்கல. நானும் அந்தப் பேப்பரை நூறு தடவை எடுத்து எடுத்து வச்சிருக்கேன், லைனிங் நம்பரை மட்டும் பார்த்துட்டு மடிச்சு வச்சிருக்கேன்.

வலது பக்கக் குழாய் முனை அடைபட்டு உள்ள தண்ணி கட்டி வீங்கியிருக்கு, ஹைட்ரோசால்பின்க்ஸ்னு பேரு. முட்டை டோனர்ட்ட இருந்து வருது, எம்ப்ரியோவ நேரா கர்ப்பப்பையில வைக்கிறாங்க, அப்புறம் குழாய் எப்படி இருந்தா என்னன்னுதான் எல்லாரும் நினைப்போம், நானும் அதைத்தான் கேட்டேன். அவங்க சொன்னாங்க, அந்தக் குழாயில தேங்குன தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கர்ப்பப்பைக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கும், அது எம்ப்ரியோவுக்கு ஆகாது, ஒட்ட விடாம அடிச்சுட்டும் போயிடும், எவ்வளவு நல்ல எம்ப்ரியோ வச்சாலும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிடும். உள்ள ஈரம் இருக்கு ஆச்சி. ஒழுகுறத அடைக்காம பூசுனா நிக்காது. எனக்கு அழுகை வந்துடுச்சு, டாக்டரம்மா நான் பயந்துட்டேன்னு நினைச்சு தண்ணி எடுத்துக் குடுத்தாங்க.

வயித்துல சின்னத் துளை போட்டுப் பண்ற லேப்ராஸ்கோபியில அந்தக் குழாய எடுத்துட்டாங்க. சில பேருக்கு எடுக்காம கர்ப்பப்பையோட சேருற இடத்துல கிளிப் போட்டு விட்டுருவாங்க, உள்ள எப்படி ஒட்டியிருக்குன்னு பார்த்து அவங்கதான் முடிவு பண்ணணும். நம்ம நாட்டுல இந்த மாதிரி குழாய் கெட்டுப்போறதுக்கு டிபி ஒரு பெரிய காரணம், நுரையீரல்ல எதுவுமே இல்லாம கர்ப்பப்பையில மட்டும் இருக்குமாம், அதனால உள்ள இருந்து சதை எடுத்து அதுக்கும் டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க, எனக்கு இல்லைன்னு வந்துச்சு. இருந்திருந்தா ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் அடுத்த வேலை. ஹிஸ்டரோஸ்கோபின்னு சின்னக் கேமரா வச்சு கர்ப்பப்பைக்கு உள்ளேயும் பார்த்தாங்க, பாலிப், உள்பக்கம் துருத்துற கட்டி, ஒட்டல் எதுவும் இருக்கான்னு. இதெல்லாம் டோனர் புக் பண்றதுக்கு முன்னாடி, ஆமா, முன்னாடி. பணம் கட்டி டோனருக்கு ஊசி ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தெரிஞ்சா கைய பிசைஞ்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

அடுத்து அவுக பக்கம். இதைச் சொல்லலாமான்னு அவுககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், எழுதுன்னு சொன்னாக. டோனர் முட்டைன்னு வந்துட்டா எல்லாரும் பொம்பளை வயித்தையே பார்க்குறாங்க, பாதி ஆம்பளைகிட்ட இருந்து வருதுங்கறது மறந்து போகுது. அவுகளுக்கு விந்தணு எண்ணிக்கை, அந்த கவுண்ட், நல்லா இருந்துச்சு, அதனால யாரும் மேல பார்க்கல. இந்த டாக்டரம்மாதான் விந்தணுவோட மரபணு எவ்வளவு உடைஞ்சிருக்குன்னு பார்க்குற டிஎன்ஏ ஃப்ராக்மென்டேஷன் டெஸ்ட் எழுதுனாங்க, அதுல ரொம்பக் கூடவா வந்துச்சு. எம்ப்ரியோ மொத மூணு நாளு முட்டையோட பலத்துலயே ஓடுமாம், அதுக்கப்புறந்தான் அப்பா அம்மா ரெண்டு பேரு மரபணுவும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பிக்கும், அதனால விந்துல கோளாறு இருந்தா மூணாம் நாளு நல்லாத் தெரியுற எம்ப்ரியோ அஞ்சாம் நாளுக்குள்ள நின்னு போகும். எங்களுக்கு மூணாம் நாளே வச்சுட்டதால அது தெரியவே இல்ல.

அவுக காரைக்குடியில பலகாரக் கடை வச்சிருக்காக, காலையில இருந்து அடுப்பு முன்னாடியே நிப்பாக, முறுக்கு, சீப்புச் சீடை, அதிரசம்னு தீபாவளி சமயத்துல பன்னெண்டு மணி நேரம் கொப்பரை பக்கத்துலயே. சூடு விந்துக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க, மூணு மாச சராசரி சுகரும் (ஹெச்பிஏ1சி) எட்டுக்கு மேல இருந்துச்சு, அதுவும் ஆகாது. புது விந்து உருவாகி வர்றதுக்கு எழுபது நாளுக்கு மேல ஆகும், அதனால மூணு மாசம் டைம் குடுங்கன்னாங்க. அடுப்புக்கு ஆள் போட்டாக, சுகர் கட்டுக்கு வந்துச்சு, ராத்திரி எட்டு மணிக்கு மேல பலகாரம் வாயில வைக்கிறதில்லைன்னு விட்டாக, பீடி சிகரெட்டு பழக்கம் கிடையாது, இருந்தா அதையும் விடச் சொல்லியிருப்பாங்க. மூணு மாசம் கழிச்சு எடுத்த ரிப்போர்ட்ல நல்லா இறங்கியிருந்துச்சு.

எனக்கு தைராய்டு டிஎஸ்ஹெச் 4.8 இருந்துச்சு, அதை 2.5க்குள்ள கொண்டு வந்துட்டுத்தான் அடுத்ததுன்னாங்க, மாத்திரை போட்டு வந்துடுச்சு. ஆறு கிலோ குறைச்சேன். எங்க ஊர்ல விருந்துக்குப் போயிட்டு வெறும் இடியாப்பம் ரெண்டோட எந்திரிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நம்மூர்க்காரங்களுக்குத் தெரியும்.

2024ல ரெண்டாவது டோனர். இந்தத் தடவை 26 வயசு. அந்த 31க்கும் இந்த 26க்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க, 35க்குள்ள, ஏஎம்ஹெச் நல்லா இருந்து, கிருமி டெஸ்ட்டெல்லாம் சரியா இருந்து, தலசீமியா மாதிரி பரம்பரை நோய் கேரியரான்னும் பார்த்திருந்தா போதும். அந்தக் கடைசி டெஸ்ட்டை வீட்டுக்காரருக்கும் எடுக்கணும், டோனரும் அவரும் ரெண்டு பேரும் கேரியரா இருந்தா பிள்ளைக்கு நாலுல ஒரு பங்கு அந்த நோய் வர வாய்ப்பு இருக்கு. ஏழு முட்டை, ஆறு முதிர்ந்தது, அஞ்சு கருவாச்சு, அஞ்சாம் நாளு வரைக்கும் வளர்த்ததுல ரெண்டு பிளாஸ்டோசிஸ்ட், அஞ்சு நாள் வளர்ந்த கருவுக்கு அதுதான் பேரு. ஏழு ரெண்டாகிறது கம்மின்னு தோணும், அது சாதாரணம்தான். ரெண்டையும் ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க. இதுதான் பெரிய வித்தியாசம், டோனர் நாளுக்கும் என் நாளுக்கும் சம்பந்தம் இல்லாம போயிடுச்சு, என் லைனிங் எப்ப ரெடியாகுதோ அப்ப வச்சுக்கலாம்.

செப்டம்பர் மாசம் லைனிங் வளர்றதுக்கு எஸ்ட்ரடையால் மாத்திரை ஆரம்பிச்சாங்க, ஒரு வாரம் கழிச்சு ஸ்கேன்ல 6.2. எனக்கு பழைய பயம் வந்துடுச்சு. டாக்டரம்மா அவசரப்படல, டோஸை கூட்டி இன்னும் ஒரு வாரம் குடுத்தாங்க, 8.4 வந்துச்சு, மூணு கோடு தெளிவா தெரியுது பாருங்கன்னு ஸ்கிரீனைத் திருப்பிக் காமிச்சாங்க, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஏழு எட்டு மில்லிமீட்டராவது வரணும், நம்பரோட சேர்த்து லைனிங் மூணு அடுக்காத் தெரியுற அந்த மூணு கோடும் பார்க்கணும். அதுக்கப்புறம் கரு ஒட்டுறதுக்கு கர்ப்பப்பையத் தயார் பண்ற புரோஜெஸ்டிரோன் ஹார்மோன். அஞ்சு நாள் எம்ப்ரியோன்னா அஞ்சு நாள் முழுசா புரோஜெஸ்டிரோன் போயிருக்கணும், ஆறாம் நாளு வைப்பாங்க, இதுல நாள் முன்ன பின்ன ஆனா கர்ப்பப்பை வாங்கிக்கிற நேரம் தவறிடலாம். மொத டோஸ் எத்தனை மணிக்குப் போட்டேன்னு காலண்டர்ல எழுதி வச்சேன், அலாரம் வச்சேன், ஒரு கல்யாண வீட்டுல பந்தியில பாதியில எந்திரிச்சுப் போய் மருந்து வச்சுட்டு வந்திருக்கேன். எண்ணெய் ஊசியும் போட்டாங்க, இடுப்புக்குக் கீழ கல்லு மாதிரி கட்டிப் போகும், அயித்தைதான் துணிய வெந்நியில முக்கிப் பிழிஞ்சு ஒத்தடம் குடுப்பாக. ட்ரான்ஸ்ஃபருக்கு முன்னாடி ரத்தத்துல புரோஜெஸ்டிரோன் 10க்கு மேல இருக்கான்னு டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டுத்தான் வச்சாங்க, மொத ஆஸ்பத்திரியில இதைப் பார்க்கவே இல்ல.

டோனர் எக் எடுக்குறவங்க இந்த புரோஜெஸ்டிரோன் மருந்த பாசிட்டிவ் வந்ததும் நிப்பாட்டிடக்கூடாது. மாத்திரை குடுத்து லைனிங் ஏத்துன சுழற்சியில நமக்கு முட்டை வெடிக்கிறதில்ல, அதனால நம்ம சினைப்பை அந்த ஹார்மோனைச் சுரக்காது, பத்துப் பன்னெண்டு வாரத்துல நஞ்சுக்கொடி பொறுப்பெடுத்துக்கிற வரைக்கும் மருந்துதான் கருவத் தாங்குது. எனக்குத் தெரிஞ்ச ஒரு புள்ள மருந்து தீர்ந்து போச்சுன்னு ரெண்டு நாள் விட்டுட்டு பயந்து போய் போன் பண்ணுச்சு, காரைக்குடியில ரெண்டு கடையில இல்ல, மூணாவது கடையில கிடைச்சுச்சு. ஒரு வாரத்துக்கு முன்னாடியே வாங்கி வச்சிருங்க.

ஒண்ணுதான் வச்சாங்க. நான் ரெண்டையும் வைங்கன்னு கெஞ்சுனேன், பன்னெண்டு வருஷம் ஆச்சு டாக்டர்னேன். ரெட்டைப் பிள்ளைன்னா குறைமாசம், பிபி எல்லாம் கூடும், டோனர் எக்ல பிபி வர்றது ஏற்கனவே ஜாஸ்தி, நல்ல பிளாஸ்டோசிஸ்ட் ஒண்ணு போதும், இன்னொண்ணு பத்திரமா இருக்கட்டும்னாங்க. அவங்க சொன்னதுதான் சரின்னு எட்டாம் மாசத்துல புரிஞ்சுது, அதுக்கு வர்றேன்.

வச்சு முடிச்சதும் கால் மணி நேரம் படுக்க வச்சுட்டு எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டாங்க. மதுரையில இருந்து மேலூர், திருப்பத்தூர் வழியா ரெண்டு மணி நேரம் கார்ல வந்தேன், ஒண்ணும் ஆகல. மொத தடவை பதினாலு நாள் கட்டிலை விட்டு இறங்கவே இல்ல நான், தட்டு கூட கட்டிலுக்கு வந்துச்சு, அப்பதான் நெகட்டிவ். படுத்தே கிடக்குறதால கரு ஒட்டுறதுக்கு எந்த உபகாரமும் இல்ல, எந்திரிச்சு நடந்தா விழுந்திடாது. அன்னாசி, பப்பாளி, பேரிச்சம்பழக் கணக்கெல்லாம் நான் விட்டுட்டேன். ட்ரான்ஸ்ஃபருக்கு முன்னாடி கர்ப்பப்பைய லேசா கீறி விட்டா நல்லா ஒட்டும்னு ஒருத்தர் சொன்னாங்க, பெரிய ஆராய்ச்சிகள்ல அதனால பலன் தெரியலன்னு இந்த டாக்டரம்மா அதைப் பண்ணல. டோனரோட பிளட் குரூப் நம்மளோட ஒத்துப்போனாத்தான் கரு நிக்கும்னு சொல்றதும் தப்பு, பிற்பாடு யாரும் கேள்வி கேக்கக்கூடாதுன்னு குடும்பங்க பார்க்குறதுதான் அது.

ஒரு ஆளு எங்கயோ நம்பர் கிடைச்சு அவுகளுக்கு போன் பண்ணி நம்ம ஆளுகள்லயே டோனர் பார்த்துத் தர்றேன், கொஞ்சம் கூட ஆகும்னு பேசுனான். போன வச்சுட்டாக. முட்டைய விக்கிறது வாங்குறது சட்டப்படி குத்தம், அந்த மாதிரி ஆளுக்கு டோனரோட உடம்பப் பத்தியும் அக்கறை கிடையாது. ஆனா அந்தப் பேச்சு என் மனசுல ஒரு மாசம் ஓடுச்சு, பொய் சொல்லல. யார் ரத்தமோ, நம்ம கோயில்ல என்ன சொல்லுவாக, நாளைக்கு கோயில் கணக்குல நம்ம குடும்பம்னு, நம்ம புள்ளின்னு எழுத முடியுமான்னு. அயித்தைகிட்ட சொல்லாம இருந்து இருந்து ஒரு நாளு வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தப்ப சொல்லிட்டேன். கீரைய வச்சுட்டு என்னையே பார்த்தாக. அப்புறம், "ஒங்க மாமா எங்க பொறந்தாக, எங்க வளந்தாக? ஏழு வயசுல தத்து எடுத்து, பிள்ளை கூட்டிக்கிட்டு வந்தாக இந்த வீட்டுக்கு. யாராச்சும் இன்னிக்கு அவுகள அடுத்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்றாகளா? ஒன் வயித்துல பத்து மாசம் இருந்து ஒன் ரத்தத்தைக் குடிச்சு வளர்றதுக்கு யாரு என்ன சொல்ல முடியும்?"ன்னாக. சட்டமும் அதையேதான் சொல்லுது, டோனருக்கு எந்த உரிமையும் கிடையாது, பிள்ளை முழுசா எங்க பிள்ளை. ஆனா எனக்குத் தெம்பு வந்தது சட்டத்தால இல்ல. பிள்ளைக்கு ஒரு நாளு உண்மையச் சொல்லித்தான் வளர்க்கணும்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருக்கோம், மாமாவுக்கும் சின்ன வயசுலயே தெரியும்ல.

பன்னெண்டாம் நாளு பீட்டா 412. ரெண்டு நாள் கழிச்சு 930. மொத நம்பரை விட அது ரெண்டு நாளுல ரெட்டிப்பாகுதான்னு பார்க்குறதுதான் முக்கியம், எங்க 41 அதுலதான் தோத்துச்சு.

மார்கழியில பிள்ளையார் நோன்பு வந்துச்சு. திருக்கார்த்திகையில இருந்து தினம் ஒரு நூலு எடுத்து இருபத்தொரு நாளு, இருபத்தொரு இழை சேர்த்துத் திரியாக்கி, நெய்யும் கருப்பட்டியும் போட்டுப் பிசைஞ்ச மாவுல வச்சுக் கொளுத்தி எரியும்போதே வாயில போடுறது. கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து அந்த வரிசையில நிக்கும்போது எனக்கு கையெல்லாம் நடுங்கும், ஏன்னா வயித்துப் பிள்ளைக்காரிக்கு எங்க வீட்ல ரெண்டு இழை, அவளுக்கு ஒண்ணு வயித்துல இருக்கதுக்கு ஒண்ணு, எனக்கு ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு. அன்னிக்கு பங்காளிக எல்லாரும் இருக்காக, இன்னும் யாருக்கும் சொல்லல, எனக்கு பதினஞ்சு வாரம். அயித்தை ஒண்ணும் பேசாம ஒரு இழைய என் கையில குடுத்தாக, நான் வாயில போட்டேன், திரும்பப் போகப் போனேன், "நில்லு"ன்னாக. இன்னொரு மாவுருண்டைய எடுத்து நெய் வழிய வழிய விரலால அழுத்தி திரிய நிமித்தி வச்சாக. வளவுல இருந்த அத்தனை பேரும் பேச்ச நிப்பாட்டிட்டாக.

இனி பிபி விஷயம். இதை கண்டிப்பா எழுதணும், ஏன்னா பாசிட்டிவ் வந்ததோட எல்லாரும் நிம்மதியாயிடுறோம். டோனர் எக் கர்ப்பத்துல பிள்ளையோட மரபணு முழுசா நம்ம உடம்புக்குப் புதுசு, சாதாரணமா பாதியாவது நம்மளோடதா இருக்கும், அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க, பிபி ஏறி தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகுற பிரீஎக்லாம்ப்சியா வர்றது சொந்த முட்டை ஐவிஎஃப்பை விட இதுல அதிகம். எனக்குப் பன்னெண்டாவது வாரத்துலயே சின்ன டோஸ் ஆஸ்பிரின் ஆரம்பிச்சுட்டாங்க, நாமளா போடக்கூடாது, டாக்டர் சொல்லித்தான். வீட்டுல பிபி மிஷின் வாங்கி காலையில சாயங்காலம் எழுதி வச்சோம். உள்ளூர்ல செக்கப்புக்குப் போன இடத்துல இது டோனர் எக்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு, அவுகதான் சொல்லியே ஆகணும்னு சொன்னாக, அது நல்லதாப் போச்சு. 34ஆவது வாரத்துல ஒரு சாயங்காலம் 150க்கு 96. தலைவலி, கண்ணுல மினுக்கு மினுக்குன்னு. முந்தியே சொல்லி வச்சிருந்ததால போன் பண்ணுன உடனே கிளம்பி வரச் சொல்லிட்டாங்க, மாத்திரை, ஊசி, அட்மிஷன்னு ரெண்டு வாரத்துக்கு மேல ஓட்டி 36 வாரம் முடிஞ்சு நாலாம் நாளு சிசேரியன் பண்ணி எடுத்தாங்க. பொம்பளப் பிள்ளை, 2 கிலோ 400. அழுத சத்தத்துல தியேட்டர்ல இருந்த நர்சம்மா "இதுக்கு வெயிட்டு மட்டும்தான் கம்மி"ன்னாங்க. ரெண்டு எம்ப்ரியோ வச்சிருந்தா அந்த 34ஆவது வாரம் எனக்கு எங்க வந்திருக்கும்னு நினைச்சா இப்பவும் திக்குனு இருக்கு.

அந்த இன்னொரு பிளாஸ்டோசிஸ்ட் இன்னும் மதுரையில ஃப்ரீஸர்லதான் இருக்கு. சட்டப்படி பத்து வருஷம் வரைக்கும் வச்சிருக்கலாம், வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கணும். இந்த மாசம் கட்ட வேண்டியது வந்திருக்கு. எனக்கு நாப்பது தாண்டிடுச்சு, பிபி இன்னும் ஒரு மாத்திரையிலதான் ஓடுது, இன்னொண்ணு தாங்குமான்னு டாக்டரம்மா ஒரு வருஷம் கழிச்சு எல்லாத்தையும் பார்த்துட்டுச் சொல்றேன்னாங்க. நேத்து ராத்திரி பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு அவுகதான் போன்ல பணத்தைக் கட்டுனாக.